ஏழை ஜனாதிபதி என்று சொல்லாதீர்கள்!

ஒரு பழைய கார். நீல நிறம். வோக்ஸ்வேகன் கம்பெனி 1987-ம் ஆண்டில் செய்தது. முதுகு வளைந்து, பார்ப்பதற்கு ஒரு பெரிய வண்டு உட்கார்ந்திருப்பது போல் இருக்கும்.

2014-ம் ஆண்டில் இந்தக் காருக்கு ஓர் அராபிய ஷேக் விலை பேசினார். என்ன விலை தெரியுமா? பத்து லட்சம் டாலர்! சந்தையில் அந்தக் கார் 2 ஆயிரம் டாலர்கூடப் பெறாது.

காரின் சொந்தக்காரர் விற்க மறுத்துவிட்டார். நண்பர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு வாங்கிக் கொடுத்த கார் அது. விற்றால் அவர்கள் மனம் புண்படும் என்று காரணம் சொன்னார்.

அந்தச் சொந்தக்காரர் ஒரு தேசத்தின் ஜனாதிபதி. பெயர் ஹோசே முஹிக்கா. தேசம், தென் அமெரிக்காவில் உள்ள உருகுவே.

2025-ம் ஆண்டு மே மாதம் 13-ந் தேதி முஹிக்கா காலமானார். 90 வயது நிறைய ஒரு வாரம்தான் பாக்கி இருந்தது. உலகம் முழுவதும் பத்திரிகைகள் அவருடைய படத்தைப் போட்டன. படத்தின் கீழே அநேகமாக ஒரே பட்டம்தான்: "உலகத்திலேயே மிக ஏழையான ஜனாதிபதி."

இந்தப் பட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. முஹிக்காவுக்கும் பிடிக்கவில்லை! தாம் ஏழை அல்ல என்று அவர் பல தடவை சொன்னார். யாருக்கு நிறையத் தேவைப்படுகிறதோ அவன்தான் ஏழை என்பது அவர் வாதம். ரோமாபுரி ஞானி செனகாவிடம் அதைக் கற்றதாகவும் சொல்வார்.

நான் இன்னும் கொஞ்சம் வெளிப்படையாகச் சொல்லுகிறேன். ஏழை என்பவன் யார்? இன்றைக்கு அடுப்பு எரியுமா என்று தெரியாமல் காலையில் கண் விழிக்கிறானே, அவன்தான் ஏழை. "வேண்டாம்" என்று சொல்லும் சுதந்திரம் அவனுக்குக் கிடையாது. முஹிக்காவுக்கு அந்தச் சுதந்திரம் இருந்தது. மாளிகை வேண்டாம் என்றார். சம்பளத்தில் பெரும் பகுதி வேண்டாம் என்றார். வேண்டாம் என்று சொல்லக் கூடியவரை ஏழை என்பது, உண்மையான ஏழைகளைக் கேலி செய்வது போல் இருக்கிறது.

கணக்கையும் பார்த்து விடலாம். 2010-ம் ஆண்டில் அவர் கொடுத்த சொத்துக் கணக்கில் இருந்தது அந்தக் கார் ஒன்றுதான். மதிப்பு சுமார் 1,800 டாலர். இதைத்தான் உலகம் பிடித்துக் கொண்டது. ஆனால் நிலம் மனைவியின் பெயரில் இருந்தது. 2012-ல் மனைவியின் சொத்தில் பாதியையும் சேர்த்துக் கணக்குக் கொடுத்தார். நிலம், வீடு, டிராக்டர் எல்லாம் சேர்ந்து 2 லட்சத்து 15 ஆயிரம் டாலர் வந்தது. பெரிய பணக்காரர் அல்ல. ஆனால் பிச்சைக்காரரும் அல்ல. நிலமும் டிராக்டரும் உள்ள ஒரு விவசாயி.

அப்படியானால் அவரை எதற்காக நினைக்க வேண்டும்? அவர் கதையைக் கேட்ட பிறகு நீங்களே சொல்லுங்கள்.

பூ விற்ற சிறுவன்

உருகுவே சின்ன தேசம். மக்கள் தொகை சுமார் 34 லட்சம்தான். ஆளுக்கு மூன்று மாடு வீதம் பங்கு போட்டாலும் மாடு மிஞ்சும்! அவ்வளவு மேய்ச்சல் நிலம்.

தலைநகரம் மாண்டிவிடியோ. அதன் ஓரத்தில் 1935-ம் ஆண்டு மே 20-ந் தேதி முஹிக்கா பிறந்தார். தகப்பனார் சிறு விவசாயி. தொழில் நொடித்துப் போனது. பையன் சிறுவனாக இருக்கும்போதே அவர் இறந்தும் போனார். தாயார் பூச்செடி வளர்த்தார். பையன் பூ விற்றான். சைக்கிள் பந்தயத்திலும் ஓடினான்.

வாலிபம் வந்தது. கூடவே கோபமும் வந்தது. 1960-க்குப் பின் அந்த நாட்டில் விலைவாசி ஏறியது, வேலை குறைந்தது. "துபமாரோக்கள்" என்ற ரகசியக் கூட்டம் கிளம்பியது. பாங்குகளைக் கொள்ளை அடித்தார்கள். ஆட்களைக் கடத்தினார்கள். கொலையும் செய்தார்கள். முஹிக்கா அந்தக் கூட்டத்தில் சேர்ந்தார். 1969 அக்டோபர் 8-ந் தேதி பாண்டோ என்ற ஊரையே அவர்கள் சில மணி நேரம் பிடித்து வைத்துக் கொண்டார்கள். அதிலும் அவர் இருந்தார்.

இந்த இடத்தை ஓடித் தாண்டக் கூடாது. அவரைப் புகழ்ந்து எழுதுகிறவர்களில் பலர் தாண்டி விடுகிறார்கள். அவர்கள் துப்பாக்கி எடுத்த காலத்தில் உருகுவேயில் இருந்தது ஜனங்கள் ஓட்டுப் போட்டு வைத்த சர்க்கார். கடுமையான சர்க்கார்தான், ஆனாலும் அடுத்த தேர்தலில் அதை மாற்றும் வழி திறந்திருந்தது. இவர்கள் செய்த கலகம் ராணுவத்துக்கு நல்ல சாக்காகப் போயிற்று என்று இன்றைக்கும் அந்த நாட்டில் பலர் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆறு குண்டு, ஒரு சுரங்கம்

1970-ம் ஆண்டு ஒரு மதுக்கடையில் போலீசார் அவரை வளைத்தார்கள். சண்டை மூண்டது. முஹிக்காவின் உடம்பில் ஆறு குண்டுகள் பாய்ந்தன. டாக்டர்கள் உயிரைக் காப்பாற்றினார்கள். அப்புறம் புந்தா கர்ரேத்தாஸ் சிறை.

1971 செப்டம்பர் 6-ந் தேதி இரவு அந்தச் சிறையிலிருந்து 111 கைதிகள் மாயமாய் மறைந்தார்கள்! கூடத்துக்குக் கூடம் சுவரில் துளை போட்டு, தரைக்குக் கீழே சுரங்கம் தோண்டி, எதிர்ப்புறத்து வீட்டுக்குள் போய் ஏறியிருந்தார்கள். முஹிக்காவும் அந்த 111 பேரில் ஒருவர். பிடிபட்டார். மறுபடி தப்பினார். 1972-ல் மறுபடி பிடிபட்டார்.

(அந்தச் சிறைச்சாலை இப்போது என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 1994-ல் அதைப் பெரிய கடை வளாகமாக மாற்றிவிட்டார்கள். கைதிகள் சுவரைக் குடைந்த இடத்தில் துணிமணி வியாபாரம் நடக்கிறது!)

1973 ஜூன் 27-ந் தேதி ராணுவத்தின் துணையோடு பார்லிமெண்டு கலைக்கப்பட்டது. சர்வாதிகாரம் வந்தது. துபமாரோத் தலைவர்களில் ஒன்பது பேரை ராணுவம் பொறுக்கி எடுத்தது. வெளியே இருக்கும் கூட்டாளிகள் வாலாட்டினால் இந்த ஒன்பது பேரின் உயிரும் போகும் என்று அறிவித்தது. அந்த ஒன்பது பேரில் முஹிக்கா ஒருவர்.

ஒன்பது பேரையும் ஒரு பட்டாள முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்கு மாற்றிக் கொண்டே இருந்தார்கள். தனிமைச் சிறை. சில சமயம் தரைக்குக் கீழே குழி. பேச ஆள் கிடையாது. ஏழு வருஷம் படிக்க ஒரு புத்தகம் கிடையாது. முஹிக்காவுக்குப் புத்தி தடுமாற ஆரம்பித்தது. இல்லாத சத்தங்கள் காதில் விழுந்தன. எறும்புகளையும் தவளைகளையும் பார்த்துக் கொண்டே காலத்தைத் தள்ளினார். எறும்பைக் காதருகே பிடித்தால் அது கத்துவது கேட்கும் என்று பிற்காலத்தில் சொல்வார்.

மலஜலம் கழிக்க வெளியே விட மாட்டார்கள். உடம்பு கெட்டது. தாயார் ஒரு சிறுநீர்ப் பாத்திரம் கொண்டு வந்து கொடுத்தார். சிறையின் கடைசிக் காலத்தில் அந்தப் பாத்திரத்தில் மண் நிரப்பிப் பூச்செடி வைத்தார் முஹிக்கா. 1985 மார்ச் மாதம் மன்னிப்புச் சட்டம் வந்து விடுதலையானபோது, அந்தப் பாத்திரத்தையும் செடியையும் கையோடு எடுத்துக் கொண்டு வெளியே வந்தார்.

மொத்தச் சிறைவாசம் 13 ஆண்டுகளுக்கு மேல். உள்ளே போனபோது வாலிபர். வெளியே வந்தபோது வயது 49.

அவருடைய பழைய கூட்டாளி லூசியா தொபொலான்ஸ்கி. அந்த அம்மாளும் அத்தனை காலம் சிறையில் இருந்தவர்தான். இருவரும் சேர்ந்து வாழ ஆரம்பித்தார்கள். மாண்டிவிடியோவுக்கு வெளியே ரின்கோன் டெல் செர்ரோ என்ற இடத்தில் நிலம் வாங்கிப் பூ பயிரிட்டார்கள். சாமந்தி போட்டார்கள்.

ஓட்டு வழி

துபமாரோக்கள் துப்பாக்கியைக் கீழே போட்டார்கள். கட்சி கட்டினார்கள். இடதுசாரிக் கட்சிகளின் "பரந்த முன்னணி"யில் சேர்ந்தார்கள். 1994 தேர்தலில் முஹிக்கா பார்லிமெண்டு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

முதல் நாள் ஸ்கூட்டரில் போய்ப் பார்லிமெண்டு வாசலில் இறங்கினாராம். காவல்காரர் இவரை யாரோ என்று நினைத்து, "வண்டி ரொம்ப நேரம் நிற்குமா?" என்று கேட்டாராம். "துரத்தாமல் இருந்தால் ஐந்து வருஷம் நிற்கும்" என்றாராம் இவர். இந்தக் கதையை அந்த ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள்.

பிறகு செனட்டர். 2005-ல் விவசாய மந்திரி. அதே வருஷம் லூசியா அம்மாளைச் சட்டப்படி மணந்து கொண்டார். மாப்பிள்ளைக்கு வயது 70!

2009 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல். எதிரி, முன்னாள் ஜனாதிபதி லகாயே. பதிவான ஓட்டில் பாதிக்குச் சற்று அதிகம் வாங்கி முஹிக்கா ஜெயித்தார். அதாவது ஏறக்குறைய பாதி ஜனங்கள் அவருக்கு ஓட்டுப் போடவில்லை. 2010 மார்ச் 1-ந் தேதி பதவி ஏற்றார். பார்லிமெண்டில் அவருக்குப் பிரமாணம் செய்து வைத்தவர் யார்? அவருடைய மனைவி! அதிக ஓட்டு வாங்கிய பட்டியலின் முதல் செனட்டர் என்ற முறையில் அந்த வேலை லூசியா அம்மாளிடம் வந்தது.

ஜனாதிபதி மாளிகை காலியாகக் கிடந்தது. தம்பதிகள் தகரக் கூரை போட்ட பழைய பண்ணை வீட்டிலேயே இருந்தார்கள். கிணற்றுத் தண்ணீர். முற்றத்தில் மூன்று கால் நாய் ஒன்று. மனுவேலா என்று பெயர். சம்பளம் மாதம் சுமார் 12 ஆயிரம் டாலர். அதில் நூற்றுக்கு 90 பங்கு, ஏழைகளுக்கு வீடு கட்டும் திட்டம் முதலியவற்றுக்குப் போய்விடும்.

வேஷமா, நிஜமா?

இப்படி யாராவது செய்தால் உடனே நமக்கு ஒரு சந்தேகம் வரும். "இது ஓட்டுக்காகப் போடும் வேஷம்" என்போம். சந்தேகம் தப்பில்லை. உலகத்தில் எத்தனையோ தலைவர்கள் எளிமை வேஷம் போட்டிருக்கிறார்கள். கந்தலைக் கட்டிக் கொண்டு கஜானாவைச் சுரண்டியவர்களும் உண்டு.

வேஷத்தைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பதவிக்கு முன்னால் எப்படி இருந்தார்? பதவி போன பிறகு எப்படி இருந்தார்? வேஷக்காரர் நாடகம் முடிந்ததும் அரிதாரத்தைக் கலைத்து விடுவார். முஹிக்கா 1985-க்குப் பிறகு போன வீடு அந்தப் பண்ணை வீடு. ஜனாதிபதியாக இருந்த வீடும் அது. பதவி விட்டு உயிர் விட்ட வரை இருந்த வீடும் அது. 40 ஆண்டுகள் ஒரு மனிதர் வேஷம் போட்டால், அதற்கு வேஷம் என்று பெயர் கிடையாது.

அவர் சொன்ன ஒரு கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். கடையில் ஒரு சாமான் வாங்கும்போது நாம் கொடுப்பது பணம் அல்லவாம். அந்தப் பணத்தைச் சம்பாதிக்க உழைத்தோமே, அந்த நேரத்தைக் கொடுக்கிறோமாம். நேரம் என்பது உயிர். பணத்தைத் திரும்பச் சம்பாதிக்கலாம். போன நேரத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. 13 வருஷம் பறி கொடுத்தவர் சொன்ன கணக்கு இது.

2012-ல் பிரேசில் நாட்டு ரியோ நகரத்தில் உலக மாநாடு நடந்தது. அங்கே அவர் நம் தேசத்தையும் இழுத்தார். ஜெர்மனியில் குடும்பத்துக்கு எத்தனை கார் இருக்கிறதோ, அதே விகிதத்தில் இந்தியர்களும் கார் வைத்துக் கொண்டால் இந்தப் பூமி என்னாகும், மூச்சு விடக் காற்று மிஞ்சுமா என்று கேட்டார். கேள்வி சரியானதுதான். ஆனால் நமக்கு ஒரு சின்ன வருத்தமும் வருகிறது. இது வரை கார் ஏறாதவனைப் பார்த்து "நீ ஏறினால் என்னாகும்?" என்று கேட்பதை விட, இரண்டு கார் வைத்திருப்பவனைப் பார்த்து "நீ எப்போது இறங்குவாய்?" என்று கேட்பதல்லவா முறை? முஹிக்காவின் பேச்சு முழுவதையும் படித்தால் அவர் திட்டுவது அந்த இரண்டு கார்க்காரனைத்தான் என்பது தெரியும்.

சாதித்ததும் சறுக்கியதும்

எளிமையாக இருந்தார், சரி. நன்றாக ஆண்டாரா? அதைத்தானே முக்கியமாகக் கேட்க வேண்டும்!

2010-ல் அந்த நாட்டில் நூற்றுக்கு 18 பேர் வறுமையில் இருந்தார்கள். 2014-ல் அது 10-க்கும் கீழே இறங்கியது. உலகச் சந்தையில் மாட்டிறைச்சிக்கும் சோயாவுக்கும் நல்ல விலை கிடைத்த காலம் அது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காற்றாலை மின்சாரம் அவர் காலத்தில் வேகமாக வளர்ந்தது. இதற்கு எதிர்க்கட்சிகளும் சம்மதம் கொடுத்திருந்தன. 2014-ல் சிரியா நாட்டு அகதிக் குடும்பங்களுக்கும், குவாண்டனாமோ சிறையில் அமெரிக்கா அடைத்து வைத்திருந்த ஆறு பேருக்கும் இடம் கொடுத்தார்.

ஒரே பாலினத்தவர் திருமணத்துக்கு 2013-ல் சட்டம் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் கஞ்சா விற்பனையைச் சர்க்காரே கட்டுப்படுத்தும் சட்டமும் வந்தது. உலகத்தில் அதுதான் முதல். நாட்டில் பெரும்பாலோருக்கு அது பிடிக்கவில்லை. போதை நல்லது என்று முஹிக்கா சொல்லவில்லை. கள்ளக் கடத்தல்காரன் கையில் இருக்கும் வியாபாரத்தைப் பிடுங்கினால் அவன் பலம் குறையும் என்றார். இந்த மருந்து எல்லா நாட்டுக்கும் ஒத்துக் கொள்ளுமா என்பது வேறு விஷயம். எனக்கு நம்பிக்கை இல்லை.

சறுக்கல்களும் உண்டு. பதவி ஏற்ற அன்று கல்விதான் முதல் வேலை என்று அழுத்தி அழுத்திச் சொன்னார். ஐந்து வருஷம் முடிந்தபோது, பள்ளி இறுதி வகுப்பை முடிக்கும் பிள்ளைகள் பாதிகூட இல்லை. வெளியூர் மாவட்டங்களுக்காக ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வந்தது. ஆனால் வாக்குக் கொடுத்த பெரிய மாறுதல் வரவில்லை. அதில் தோற்றதை அவரே ஒப்புக் கொண்டார். புளூனா என்ற தேசிய விமானக் கம்பெனி 2012-ல் மூடப்பட்டது. அது சம்பந்தமான வழக்கில் நிதி மந்திரி ராஜினாமா செய்ய நேர்ந்தது.

வாய் வேறு சும்மா இருக்காது! 2013-ல் ஒரு கூட்டத்தில், ஒலிபெருக்கி வேலை செய்வதைக் கவனிக்காமல், பக்கத்து நாடான அர்ஜென்டினாவின் பெண் ஜனாதிபதியைக் கிழவி என்றும், புருஷனை விடப் பிடிவாதக்காரி என்றும் பேசிவிட்டார். இரண்டு தேசங்களுக்கும் மனஸ்தாபம். பிறகு மன்னிப்புக் கேட்டார்.

சர்வாதிகாரக் காலத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாருக்கு அவர் மேல் வேறொரு குறை உண்டு. வயதான பழைய ராணுவத்தாரைச் சிறையில் பார்க்கத் தமக்கு விருப்பமில்லை என்று அவர் சொன்னார். தம்மைக் குழியில் போட்டவர்களைத் தாம் மன்னிப்பது அவர் சொந்த விஷயம். ஆனால் காணாமற்போன பிள்ளையின் எலும்பையாவது காட்டு என்று கேட்கும் தாயின் சார்பில் அவர் மன்னிக்க முடியுமா? முடியாது என்பதுதான் என் அபிப்பிராயம்.

ஆகவே வெளிநாட்டில் அவர் ஒரு மகான். உள்நாட்டில் ஓர் அரசியல்வாதி. வெளிநாட்டார் காரைப் பார்த்தார்கள். உள்நாட்டார் பள்ளிக்கூடத்தையும் பார்த்தார்கள். எனக்கு உள்நாட்டார் செய்ததுதான் சரி என்று தோன்றுகிறது. திட்டியவர்கள்கூட, அவர் திருடினார் என்று சொல்லவில்லை. பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். "பெப்பே" என்பது ஜனங்கள் அவரை அழைத்த செல்லப் பெயர்.

இறங்கிய விதம்

உருகுவே சட்டப்படி ஒருவர் தொடர்ந்து இரண்டு முறை ஜனாதிபதியாக இருக்க முடியாது. தென் அமெரிக்காவில் சில தலைவர்கள் சட்டத்தையே திருத்திக் கொண்டு நாற்காலியில் ஒட்டிக் கொண்டார்கள். முஹிக்கா 2015 மார்ச் 1-ந் தேதி இறங்கினார். அதே காரில் ஏறிப் போனார். செனட்டராக இருந்தார். 2019 தேர்தலில் அவருடைய அணி தோற்றது. ஜெயித்து ஜனாதிபதியானவர் யார் தெரியுமா? 2009-ல் இவரிடம் தோற்ற லகாயேயின் மகன்! யாரும் கல் எறியவில்லை. நாற்காலி அமைதியாகக் கை மாறியது.

2020 அக்டோபர் 20-ந் தேதி முஹிக்கா செனட்டிலிருந்து விலகினார். அதே நாளில் விலகிய இன்னொருவர் ஹூலியோ மரியா சங்கினெட்டி. இவருக்கு நேர் எதிரான கட்சிக்காரர். துபமாரோக்களை வாழ்நாள் முழுவதும் கண்டித்தவர். ஆனால் 1985-ல் கைதிகளை விடுவிக்கும் சட்டம் வந்தபோது ஜனாதிபதியாக இருந்தவரும் அவர்தான். இரண்டு கிழவர்களும் சபையில் கட்டித் தழுவிக் கொண்டார்கள். தம் தோட்டத்தில் பகை என்ற செடியைப் பல வருஷங்களாக வளர்ப்பதில்லை என்று அன்றைக்கு முஹிக்கா பேசினார். பூ வியாபாரியின் பேச்சு! கொள்கையில் இருவரும் கடைசி வரை ஒத்துப் போகவில்லை. 2022-ல் இருவருடைய உரையாடல் ஒரு புத்தகமாக வந்தது.

2024 ஏப்ரலில் உணவுக் குழாயில் புற்றுநோய் என்று தாமே நிருபர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். அந்த உடம்போடு தேர்தல் கூட்டத்துக்கு வந்து, தம் கட்சியைச் சேர்ந்த யாமண்டு ஓர்சிக்கு ஓட்டுக் கேட்டார். ஓர்சி ஜெயித்தார். 2025 ஜனவரியில் நோய் ஈரலுக்குப் பரவியது. இனி வைத்தியம் வேண்டாம், நிம்மதியாக இருக்க விடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

மே மாதம் அவர் உடலைப் பார்லிமெண்டு மாளிகையில் வைத்தார்கள். ஜனங்கள் நீண்ட வரிசையில் நின்று பார்த்தார்கள். ஸ்கூட்டரோடு வந்து இறங்கினாரே, அதே கட்டடம்.

தமது சாம்பலை என்ன செய்ய வேண்டும் என்பதை முன்பே சொல்லி வைத்திருந்தார். பண்ணையில் ஒரு பெரிய மரம். அதன் அடியில்தான் மனுவேலாவைப் புதைத்திருந்தார்கள். 2018-ல் செத்துப் போன அந்த மூன்று கால் நாய்க்குப் பக்கத்தில் தமக்கும் ஓர் இடம் போதும் என்று கேட்டிருந்தார்.